உச்சிவேளைக் குதிர்

மூட்டை கட்டக் கூடாது. பரந்தாமன் மாமா போட்ட சட்டம் அது.

என் அக்கா தாட்சாயிணிக்கு மாசம் நிறைந்திருந்தது. யுத்த காலம். கோடை விடுமுறைக்குக் காலேஜை மூடியதும் துணைக்கென்று முத்தாபுதுப்பேட்டைக்கு வந்து இறங்கினேன். இறங்கிய அன்றே அக்காவின் புருஷர் கூடத்து நடுவில் நின்று சட்டத்தைப் படித்தார்.

"கொழந்த மண்ணுல விழற வரிக்கும் இந்த ஊட்ல அதுக்குன்னு ஒரு துணி மடிக்கக் கூடாது. ஒரு பை கட்டக் கூடாது. கட்டினா அதுக்குத் தெரிஞ்சிடும்."

"எதுக்கு மாமா?"

"அதுக்கு."

"அதுன்னா எது?"

மாமா மோட்டுவளையைப் பார்த்தார். பெயரைச் சொன்னால் அது திரும்பிப் பார்க்குமாம்.

அந்த வருஷம் நான் தர்க்கசாஸ்திரம் படித்துக்கொண்டிருந்தேன். கோபம் கூப்பிடாமலே வரும். "பையைப் பார்த்துத்தான் அதுக்குத் தெரியணுமா? அக்கா வயித்தைப் பார்த்தா தெரியாதா? பிசாசுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"காலேஜு, நீ வாய மூடு."

காலேஜு என்பது நான்தான். அந்த வீட்டில் எனக்கு வேறு பெயர் கிடையாது.

விஷயம் இதுதான். பட்டணத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மா அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்தத் தடவை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, வலி கண்டதும் கிளம்பி வரவேண்டும், பையை இப்போதே கட்டி வைத்துக்கொள் என்று. முதல் தடவை வீட்டில்தான் நடந்தது. வலி நாள் கணக்கில் நீண்டது. குழந்தை பிறந்தது, அழவில்லை.

அதற்கு முன்பே மாமா ஆசை தாங்காமல் பூந்தமல்லிச் சந்தையில் மரக்கிளிகள் கோத்த தொட்டில் கயிறு வாங்கி வந்து உத்தரத்துக் கொக்கியில் கட்டி அழகு பார்த்திருந்தார். குழந்தை போனதற்குக் கயிறுதான் காரணம் என்றார் மாமா. டாக்டர் இல்லாததுதான் காரணம் என்றாள் அக்கா. நான் அக்கா கட்சி. கயிற்றை ஏரியில் எறிந்துவிட்டதாக மாமா சொன்னார். கொக்கி மட்டும் அங்கேயே இருந்தது. உச்சிவேளையில் கண்ணாடி ஓட்டு வழியாக வெயில் இறங்கும்போது அதன் நிழல் சுவரில் விழும், யாரையோ வா என்று கூப்பிடுகிற விரல் மாதிரி. இரண்டு பேரும் அந்தச் சுவரைப் பார்க்காமலே நடக்கப் பழகியிருந்தார்கள்.

ஆக, மாமாவின் வாதம் இப்படிப் போயிற்று: ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா பை கட்டணும். பை கட்டக் கூடாது. அதனால ஆஸ்பத்திரி கெடையாது. இதை எங்கள் பேராசிரியையிடம் காட்டினால் வடிவத்தில் பிழையில்லை என்றுதான் சொல்வார். என் வயிற்றெரிச்சலே அதுதான்.

அக்கா வாதாடவே இல்லை. "சரிங்க" என்றாள். எனக்கு மாமாவைவிட அவள்மேல்தான் கோபம் அதிகமாக வந்தது.

மாமா ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை கட்டுகிற இடத்தில் மேஸ்திரி. கூலியாட்களுக்கு அங்கே பேர் லேபர். லாரியில் லேபருக்கு மட்டும்தான் இடம், என் பெண்டாட்டியே கை காட்டினாலும் நிறுத்தாதே என்று டிரைவர் வேம்புலியிடம் சொல்லி வைத்திருந்தார். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பெருமையாக எங்களிடமும் சொல்வார். உச்சிவேளைக்குச் சாப்பிட வருவார். அப்போது தெருவில் காக்கை கூட இராது. வெயில் வெள்ளையாக நிற்கும்.

அப்படி ஒரு வேளையில்தான் முதல் வேட்டி காணாமல் போனது.

"கொடியில காயப் போட்டது எங்க?"

"எந்த வேட்டிங்க?"

"பழசு. நைஞ்சது."

"பக்கத்துல புது வேட்டி காயுதே. அத்த எடுத்துக்கோங்களேன்."

மாமா புது வேட்டியைப் பார்த்தார். முகம் மாறியது. மறுநாள் இன்னொரு பழைய வேட்டி போயிற்று. புதியதை யாரும் தொடவே இல்லை.

"மனுசன் திருடினா புதுச எடுப்பான்" என்றார் மாமா, குரலை இறக்கி. "பழசா பாத்துப் பாத்து எடுக்குதுன்னா இன்னா அர்த்தம்? உடம்பு பட்ட துணிதான் அதுக்கு வேணும்."

அந்த ஊகத்தில் எங்கே ஓட்டை என்று அன்று முழுக்க யோசித்தேன்.

மூன்றாம் நாள் மாமா சோற்றில் கை வைத்தார். அக்கா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். மூலையில் இருந்த குதிருக்குள்ளிருந்து சத்தம் வந்தது. இடுப்பளவு மண் குதிர். நெல் பார்த்து மாசக்கணக்காகிறது. உள்ளே யாரோ நகத்தால் மெதுவாகப் பிராண்டினார்கள். நிறுத்தினார்கள். மறுபடியும் பிராண்டினார்கள்.

விசிறி நின்றது.

"எலிங்க" என்றாள் அக்கா.

"அரிசியே இல்லாத குதிருல எலிக்கு இன்னா வேலை?"

கொக்கியின் நிழல் அன்று நேராகக் குதிரின் மேல் விழுந்திருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். மாமா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, கிசுகிசுப்பாகக் கேட்டார்.

"தாட்சா, அதுக்கு இன்னாதான் வேணும்?"

"எனக்கு இன்னாங்க தெரியும்." அக்கா கொஞ்சம் இழுத்தாள். "நேத்து கண்ண மூடினா ஒரு பொம்பள வந்து நிக்கறா. குளுருது குளுருதுன்றா."

மே மாசத்தில் மாமா கம்பளி வாங்கி வந்தார். கண்ணை மூடிக்கொண்டு குதிர் மூடியைத் தூக்கி உள்ளே போட்டார். அடுத்த நாள் அந்தக் கனவுப் பொம்பளைக்குத் தாகம். பித்தளைக் கூஜா உள்ளே போயிற்று. அதற்கடுத்த நாள் உடம்பெல்லாம் கசகசன்னு கீது என்றாளாம்.

"சோப்பு கேக்குதா?" என்றார் மாமா.

"பேரு சொல்லலீங்க. வாசனை இருந்தா நல்லதுன்னா."

பிசாசுக்கு வாசனை சோப்பா? இங்கேதான் என் தர்க்கசாஸ்திரம் கண் விழித்தது. மாமா வேலைக்குப் போனதும் குதிர் மூடியைத் தூக்கினேன். உள்ளே பட்டாளத்துக் கித்தான் பை. சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்த பழைய வேட்டி, கம்பளி, கூஜா, சோப்பு. புதுத்துணி பச்சை உடம்பைக் கீறும், துவைத்துத் துவைத்து நைந்ததாகக் கொண்டு வா என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாராம். நான் சிரிக்க ஆரம்பிக்குமுன் அக்காவின் கை என் வாயை மூடியது.

"நானு கட்னாத்தான குத்தம்? அவரே கட்டறாரு, உடு."

கடைசியாக மாமா யாரும் கேட்காமலே ஒன்று கொண்டுவந்தார். துண்டில் சுருட்டிய சின்ன மூட்டை. குதிருக்குள் வைத்துவிட்டு மூடிமேல் கையை வைத்தபடி நின்றார். "இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணுமில்ல. இத்த எடுத்துக்க. அவள உட்டுடு" என்று குதிரிடம் சொன்னார். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

மறுநாள் உச்சிக்கு முன்பே அக்காவுக்கு வலி கண்டது. ரயிலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மாட்டு வண்டி போய்ச் சேருவதற்குள் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். சிமெண்டு ஏற்ற வேம்புலியின் லாரி பட்டணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கையைக் காட்டினேன்.

"அக்கா, தப்பா நெனைக்காத. மேஸ்திரி உத்தரவு. லேபர் மட்டுந்தான் ஏத்தணும்."

"இது லேபர்தான் அண்ணாத்தே."

"இன்னா சொல்ற?"

"பிள்ளைப் பேறுக்கு இங்கிலீஷ்ல பேரே லேபர். ஆஸ்பத்திரியில போய்ப் பாரு, லேபர் வார்டுன்னு பெரிசா எழுதியிருக்கும்."

வேம்புலி அக்காவைப் பார்த்தான். அவள் லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"காலேஜு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கதவைத் திறந்தான்.

அப்புறம் நடந்ததைப் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா சொல்லித்தான் தெரியும். மாமா சாப்பிட வந்தார். அடுப்பில் சோறு பாதி வெந்து நின்றது. நாங்கள் இல்லை. குதிர் திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. தன் குரல் குதிருக்குள் போய்த் திரும்பி வந்ததைக் கேட்டுத் தெருவுக்கு ஓடி வந்தாராம். "இட்டுகினு போயிடுச்சு. எல்லாத்தியும் குடுத்தும் இட்டுகினு போயிடுச்சு" என்று வெயிலில் உட்கார்ந்துவிட்டாராம். பொழுது சாய்கிறபோது லாரி திரும்பி வந்து நின்றது.

"மேஸ்திரி, நம்ம லேபர் ஒண்ண பட்டணத்துல எறக்கிக்கீறேன்" என்றான் வேம்புலி. "திரும்பி வர்றப்ப ரெண்டா வரும். இப்பவே சொல்லிட்டேன்."

மறுநாள் காலையில் மாமா ஆஸ்பத்திரிக்கு வந்தார். பெண் குழந்தை. கத்திய கத்தலில் அடுத்த கட்டில்காரி காதைப் பொத்திக்கொண்டாள். மாமா அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். குழந்தையைச் சுற்றியிருந்த துணியைப் பிறகுதான் பார்த்தார்.

"இது என் வேட்டி."

"ஆமாங்க."

கம்பளியைத் தொட்டார். கூஜாவைத் தூக்கினார். சோப்பை மோந்து பார்த்தார். "இதெல்லாம் நானு அதுக்கு வச்சது."

"நல்லாத்தான் கட்டியிருந்தீங்க. டாக்டரம்மா கூட, இவ்ளோ சரியா யாரும் கொண்டு வந்ததில்லேன்னாங்க."

பையின் அடியில் துண்டு மூட்டை பிரிக்காமலே இருந்தது. அக்கா பிரித்தாள். மரக்கிளிகள். ஏரிக்குள் போனதாகச் சொன்ன கயிறு. ஒரு கிளிக்கு மூக்கு உடைந்திருந்தது. மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூக்கு உடையாத கிளி ஒன்றை அக்கா எடுத்துக் குழந்தையின் தலைமாட்டில் வைத்தாள்.

"எல்லாம் சரி" என்றார் மாமா. "குதிருக்குள்ள பிராண்டினது எப்பிடி?"

"அது காலேஜு வேல."

"நானா? நான் விசிறிக்கிட்டு இருந்தேனே. நீதான் ஏதோ பண்றேன்னு நெனச்சேன், அக்கா."

"நானு குழம்பு ஊத்திகினு இருந்தேனே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எலி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது.

"ஊட்டுக்குப் போனதும் மொத வேலையா அந்தக் குதிர இடிச்சுடறேன்" என்றார் மாமா.

"இடிச்சுடாதீங்க" என்றாள் அக்கா. "அடுத்ததுக்கு நீங்க பை கட்ட வேற எடமில்ல."