ஐந்தாவது விரல்

எந்தப் படத்தையும் அச்சுக்கு அனுப்புமுன் அதிலுள்ளவர்களின் விரல்களை எண்ணிப் பார்ப்பது அவருடைய வழக்கம். வார இதழ் ஒன்றில் படம் திருத்துவது அவர் வேலை. பருவை அழிப்பார், தொந்தியைக் கரைப்பார், வழுக்கையில் முடி நடுவார். எல்லாம் முடிந்தபின், பென்சில் முனையால் திரையைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு கையாக எண்ணி முடிப்பார். அலுவலகத்தில் அவருக்கு விரலெண்ணி என்றே பெயர்.

அந்த வழக்கம் சும்மா வரவில்லை. சென்ற ஆண்டு ஒரு சோப்பு விளம்பரத்தில், கன்னத்தில் கை வைத்துச் சிரித்த அழகிக்கு ஆறு விரல்கள் அமைந்துவிட்டன. வாசகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதினார்கள். சோப்புக்காரர் விளம்பரத்தை நிறுத்திக்கொண்டார். ஆசிரியர் விரலெண்ணியைக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"கடவுள் எண்ணித்தான் வச்சிருக்காரு. நீ கூட்டவும் வேணாம், கழிக்கவும் வேணாம். இன்னொரு தடவை விரல் கணக்கு தப்புச்சுன்னா, உன் நாற்காலியில வேற ஆள் உக்காந்திருப்பான்."

விரலெண்ணியின் வீட்டில் மூன்று பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே அன்று எண்ணத் தொடங்கியவர் பிறகு நிறுத்தவேயில்லை. கை குலுக்க வருகிறவர்களின் விரல்களைக்கூட அவர் விட்டுவைப்பதில்லை.

இந்த வாரம் அவர் மேசைக்கு வந்தது பின்னட்டை விளம்பரம். பெரிய மரச்சாமான் கடைக்காரர் ஒருவர் புது சோபாவின் ஒரு கோடியிலும் அவர் மனைவி மறு கோடியிலும் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நின்றவர் மனைவியின் அண்ணன். கடைக்காரரின் தோளில் வலக்கையை உரிமையோடு போட்டிருந்தார். கடையை மச்சானும் மாப்பிள்ளையுமாகச் சேர்ந்துதான் தொடங்கினார்கள். புதுக் கிளையின் பெயர்ப்பலகையில் யார் பெயர் முதலில் வருவது என்று எழுந்த பேச்சு முற்றி, மச்சான் கடையை விட்டே போய்விட்டார்.

படத்தோடு கடைக்காரரே நேரில் வந்திருந்தார்.

"பின்னாடி நிக்கிறவரை எடுத்துடுங்க."

"அவர் உங்க மச்சான்தானேங்க?"

"இப்போ யாரும் இல்ல."

விரலெண்ணி வேலையில் இறங்கினார். தலை போயிற்று, மார்பு போயிற்று, பின்சுவர் பழையபடி வெள்ளையாக நின்றது. ஆனால் கை மட்டும் தோளை விடவில்லை. அதை அழித்தால் அடியில் சட்டை இல்லை. மறுதோளிலிருந்து சட்டையின் கோடுகளைப் பெயர்த்து வந்து ஒட்டினார். கோடுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. அவற்றைச் சமாதானப்படுத்தத் தோளைச் சற்றே இறக்கினார். கடைக்காரர் பக்கவாதம் கண்டவர்போல ஒரு பக்கம் சரிந்தார். நிமிர்த்துவதற்காகக் கழுத்தை இழுத்தார். கழுத்து, குழந்தைகள் கதையில் வரும் கொக்கினுடையதைப்போல நீண்டது. பெருமூச்சு விட்டுவிட்டு, எல்லாவற்றையும் பழைய நிலைக்கே கொண்டுவந்தார். கையும் பழையபடி தோளில் வந்து அமர்ந்தது.

ஆசிரியர் எட்டிப் பார்த்தார். "இன்னுமா முடியல? அச்சகத்துல காத்துட்டிருக்காங்க."

"தோள்ல நிக்குது சார்."

"என்ன நிக்குது?"

"மச்சானோட கை."

ஆசிரியர் திரையைப் பார்த்துச் சிறிது யோசித்தார். "அதை அந்த அம்மாவுக்கே குடுத்துடு. கூடப்பிறந்த தங்கச்சிதானே, ஒத்துப்போகும்."

அம்மாளின் ஒரு கை மடியில் இருந்தது. மறு கை சோபாவுக்குப் பின்னால் மறைந்திருந்தது. ஆகவே மறைந்த கையை வெளியே எடுத்து, சோபாவின் நீளம் முழுவதையும் கடக்கச் செய்து, கணவரின் தோளில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. வழியில் ஒரு முழங்கை போதவில்லை, இரண்டு வைத்தார். மணிக்கட்டின் ரோமத்தை மழித்து, நான்கு வளையல்கள் மாட்டினார்.

கடைசியில் பென்சிலை எடுத்து எண்ணினார். கடைக்காரரின் கைகளில் பத்து. அம்மாளின் மடியில் ஐந்து. தோளில் நான்கு.

மூலப் படத்தைத் திறந்து பார்த்தார், அதிலும் நான்குதான். சுண்டுவிரல் மடங்கியிருக்க வேண்டும், அல்லது நிழலில் மறைந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார். கைக்கடிகார விளம்பரத்திலிருந்து நல்ல சுண்டுவிரலாகப் பார்த்து ஒன்றை எடுத்து ஒட்டினார். மற்ற நான்கையும்விட அது கொஞ்சம் வெளுப்பு. ஆனாலும் கணக்கு நேராயிற்று. நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

இதழ் வெளிவந்த அன்று, பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் பின்னட்டையைப் பார்த்துத் தங்கள் கைகளை நீட்டி நீட்டி அளந்துகொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் ஆசிரியர் இதழை அவர் மேசையில் வைத்தார்.

"இந்த அம்மா சோபாவை விட்டு எழுந்திரிக்காமலே சமையலறை விளக்கை அணைச்சிடுவாங்க போலிருக்கே."

"விரல் சரியா இருக்கு சார். எண்ணிட்டேன்."

"கடைக்காரர் வந்திருக்காரு. அவருக்கு எண்ணிக் காட்டு."

ஆசிரியரின் அறையில் கடைக்காரர் நின்றுகொண்டே இருந்தார். மனைவியின் நீண்ட கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அட்டையில் அந்தச் சுண்டுவிரலைத் தொட்டுக் காட்டினார்.

"இதை யார் வச்சது?"

"நான்தாங்க. நாலுதான் இருந்துச்சு. குறையா இருக்கேன்னு..."

கடைக்காரர் இதழைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார். "என்கூட வாங்க."

ஆசிரியரின் பார்வை, கதவுக்கு வெளியே தெரிந்த விரலெண்ணியின் நாற்காலிக்குப் போய்த் திரும்பியது.

கடையின் வேனைக் கடைக்காரரே ஓட்டினார். பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த விரலெண்ணி, பழக்க தோஷத்தால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்களை எண்ணினார். பத்தும் பழுதில்லாமல் இருந்தன.

"அவரை அழிக்க எவ்வளவு நேரமாச்சு?" என்று திடீரெனக் கேட்டார் கடைக்காரர்.

"ஆள் உடனே போயிட்டாருங்க. கைதான் போகமாட்டேன்னுச்சு."

கடைக்காரர் வேனைச் சாலையோரம் நிறுத்தினார். தன் தோளை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஓட்டினார்.

ஊரின் கோடியில் ஒரு தகரக் கொட்டகை முன் இறங்கினார்கள். உள்ளே படத்தில் இருந்த அதே மச்சான், வலக்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு நாற்காலிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்களைப் பார்த்தார், வாங்க என்று சொல்லவில்லை.

கடைக்காரர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார்.

"மச்சான், பலகையில உங்க பேரே முதல்ல வரட்டும். தப்பு என்னுது. அடுத்த வாரம் இந்தப் படத்தை உங்களோட போடச் சொல்றேன். கடைக்கு வந்துடுங்க."

மச்சான் இதழை இடக்கையால் வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்தார்.

"தங்கச்சி கை ஏன் மாப்பிள்ளை இவ்வளவு நீளம்?"

"அது உங்க கை மச்சான்."

மச்சான் அட்டையைக் கண்ணருகே கொண்டுவந்தார். வெளுத்த சுண்டுவிரலைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு, வாசலில் நின்ற அந்நியரைக் கேள்வியோடு பார்த்தார்.

விரலெண்ணி தலைகுனிந்து நின்றார். "அஞ்சாவது விரல் நான் ஒட்டினதுங்க. ரெண்டு தடவை எண்ணினேன், நாலுதான் வந்துச்சு. மன்னிச்சிடுங்க."

மச்சான் எழுந்து வந்தார். சுற்றியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, வலக்கையை விரலெண்ணியின் தோளில் வைத்தார். அவருடைய கண்கள் தாமாகவே தோளுக்குத் திரும்பி எண்ணத் தொடங்கின.

"சரியாத்தான் எண்ணியிருக்கீங்க தம்பி," என்றார் மச்சான். "அஞ்சாவது, ரம்பத்துக்கடியில இருந்து நான் மாப்பிள்ளையோட கையை இழுத்துவிட்டப்போ போயிடுச்சு."