லிஃப்டுக்கு நடுவே ஆங்கிலப் பாடம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. தாங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், ஒரு லிஃப்டுக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் போனது.

லிஃப்ட் மெக்கானிக்காகவே காலம் தள்ளும் எனக்கு சூப்பர்வைசர் ஆக ஒரு வாய்ப்பு வந்தது தங்களுக்குத் தெரியும். புது மேனேஜருக்கு நம் பாஷை தெரியாது, வாக்கி-டாக்கியில் ஆங்கிலம்தான் பேச வேண்டுமாம். அதனால் தங்கள் மகள் எனக்கு வாத்தியாராகிவிட்டாள். முடிந்த வேலையைச் சொல்ல 'ஹேவ்' போட்டு வினைச்சொல்லின் மூன்றாவது வடிவத்தைச் சேர்க்க வேண்டும், அவன், அவள், அது என்றால் 'ஹேஸ்'. எப்போது செய்தோம் என்று சொல்லக்கூடாது, ஆனால் பலன் இப்போது கண்ணெதிரே இருக்க வேண்டும். நான் 'யெஸ்டர்டே' சேர்த்தால், "நேத்துன்னு யாரு கேட்டா? இப்ப லிஃப்ட் ஓடுதா, அதைச் சொல்லுங்க" என்று முறைப்பாள்.

சென்ற வாரம் ஒரு கட்டடத்தில் பாதி வேலையில் இருந்தவன், வாயைச் சும்மா வைத்திருக்காமல் "ஐ ஹேவ் ரிப்பேர்ட் த லிஃப்ட்" என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். வாக்கி-டாக்கியை அணைக்கவில்லை. கீழே இருப்பவன் முடிந்தது என்றால் மேலே மெஷின் ரூமில் இருப்பவன் கரண்ட் போடுவதுதான் எங்கள் தொழில் முறை, கூட்டாளி போட்டுவிட்டான். பார்வையிட வந்த மேனேஜரும் அதை நம்பி ஏறிவிட்டார். இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றது, எனக்குத் தெரிந்த ஆங்கிலமும் அதோடு நின்றுபோனது. பதவி போச்சு என்று நினைத்து வீட்டுக்குப் போன் போட்டேன். "போனைக் கதவுகிட்ட வைங்க. நீங்க என்ன செஞ்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் ஒவ்வொன்றாய் முடிக்க முடிக்க, "ஹி ஹேஸ் ஃபவுண்ட் த ஃபால்ட்", "ஹி ஹேஸ் சேஞ்ச்ட் த வயர்" என்று உள்ளே இருந்தவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். கத்திக்கொண்டிருந்த மனிதர் அடங்கி, கடைசியில் தன் பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். வெளியே வந்ததும் என் கையைக் குலுக்கி, உங்கள் வீட்டுக்கு நல்ல செய்தி வரும் என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், எனக்கே புரிந்தது. ஆகவே பதவி கிடைத்த மாதிரிதான். "இவரு எங்க முன்னேறப் போறாரு" என்று தாங்கள் ஒரு நாள் அத்தையிடம் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் ஆசி எந்த மாடியில் நின்றாலும் எங்களைத் தாங்கட்டும்.

இப்படிக்கு,
சூப்பர்வைசர் ஆகப்போகும் மாப்பிள்ளை

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் மேனேஜரிடமிருந்து போன் வந்தது. மேலே எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை தங்கள் மகளுக்கு. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் ஆபீஸிலிருந்து பேசும் வேலையாம். எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அடுத்த தடவை உங்களுக்குத்தான், உக்காருங்க" என்று இப்போதே பாடத்தை ஆரம்பித்துவிட்டாள்.