பாத்ரூம் கதவுக்கு இந்தப் பக்கம்

மனுஷனாகப் பிறந்தவனுக்கு ஒரு கதவாவது சொந்தமாக வேண்டும். உள்ளே போனால் சாத்திக்கொள்ள. சாத்தினால் யாரும் தட்டாமலிருக்க. சொட்டச் சொட்ட நனைந்த ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருநாள் இந்த முடிவுக்கு வந்தேன்.

பேப்பர் எப்படி நனைந்தது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பாத்ரூம். அதுவும் ஹாலை ஒட்டி, சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்திலேயே. தாழ்ப்பாள் எப்போதோ கழன்றுவிட்டது. வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு நான் உள்ளே உட்கார்ந்து குறுக்கெழுத்தைத் தேடி விரித்த நேரம் பார்த்து, இரண்டு வயசு மகள் குட்டி கதவைத் தள்ளினாள். வாளி கவிழ்ந்தது. ஊர்ச் செய்தி, உலகச் செய்தி எல்லாம் வெள்ளத்தில் போயிற்று.

அது போகட்டும். நான் உள்ளே போனால்தான் வீட்டுக்கு ஞாபகசக்தியே வரும். சாவி எங்கே, குடை எங்கே, கரண்ட் பில் கட்டியாச்சா, எல்லாக் கேள்வியும் அந்தக் கதவைத் தட்டித்தான் கேட்கப்படும்.

என் மனைவி குளிக்கப் போனால் கதை வேறு. குட்டி வாசலில் உட்கார்ந்து பிளாஸ்டிக் குவளையால் கதவை இடித்துக்கொண்டே இருப்பாள், அம்மா வரும்வரைக்கும். அதனால் அவள் எப்போது குளித்துவிட்டு வந்தாலும் காதுக்குப் பின்னால் சோப்பு நுரை ஒட்டியிருக்கும். நான் பார்த்துச் சிரிப்பேன். அவளும் துடைத்துக்கொண்டே சிரிப்பாள். அதற்குமேல் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை. அங்கேதான் கோட்டை விட்டேன்.

எங்கள் படுக்கை அறைக்குப் பின்னால் ஓட்டை உடைசல் போட்டுவைக்கிற ஒரு சின்ன அறை உண்டு. அதை பாத்ரூமாக்கிவிட்டால் நான் ராஜா. மெதுவாக மனைவியிடம் பேச்செடுத்துப் பார்த்தேன். "அந்த சாமானையெல்லாம் உங்க தலையிலயா வைக்கிறது?" என்று கேட்டாள். பேச்சு அத்தோடு படுத்துவிட்டது.

அதனால் சதுரடியிடம் போனேன். சதுரடி என்னோடு படித்தவன். இப்போது வீட்டுத் தரகன். எதையும் சதுர அடியில்தான் அளப்பான். என் தொந்தியைப் பார்த்து, பில்ட்அப் ஏரியா கூடிப்போச்சே என்பான். அவன் பாஷையே தனி. 'காம்பாக்ட்' என்றால், உள்ளே போனவன் திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வர வேண்டும். 'நல்ல காற்றோட்டம்' என்றால் ஜன்னலில் கண்ணாடி கிடையாது. 'அமைதியான சூழல்' என்றால் பஸ் வராது.

என் குறையைக் கேட்டுவிட்டு அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"உனக்கு வேணும்னு கேட்டா எந்த வீட்லடா குடுத்திருக்காங்க? தங்கச்சிக்கு வேணும்னு கேளு."

"அவளுக்கு வேணும்னா அவளே கேட்டிருப்பாளே."

"கேக்க மாட்டாங்க. நீ அவங்க பேரைச் சொல்லிக் கட்டு. கட்டினதும் உள்ள போய் நீ உக்காரு."

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். அவள் குட்டியின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சதுரடி சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தேன். அட்டாச்டு பாத்ரூம். உள்ளே வெட் ஏரியா தனி, டிரை ஏரியா தனி.

"ஈரம் அந்தப் பக்கம், காய்ஞ்சது இந்தப் பக்கமா? அதைத் தண்ணிகிட்ட யாருங்க சொல்றது?" என்றாள்.

"எல்லாம் உனக்காகத்தான். நீ நிம்மதியா இருக்கணும்."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "எனக்கா? எனக்கு எதுக்குங்க, இருக்கறதே போதும்" என்றாள். அவள் வேண்டாம் என்க, நான் வேண்டும் என்க, எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. கடைசியில், "நீங்க இவ்ளோ சொல்றதால சரி" என்றாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து அன்றைக்கு ஒரு பிடி சோறு கூடவே சாப்பிட்டேன்.

கொத்தனார் வந்தார். எனக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாவற்றையும் அவள் பேரில் எழுதினேன். தடிமனான கதவு: வெளிச்சத்தம் கேட்டால் அவளுக்குத் தலை வலிக்கும். பளிச்சென்று ஒரு விளக்கு: கண்ணில் தூசி விழுந்தால் அவள் பார்த்து எடுக்க வேண்டாமா. உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் அகலமாக ஒரு பலகை: அவள் சோப்பு வைக்க.

"சோப்பு வைக்க இவ்ளோ அகலமா? பேப்பரே விரிக்கலாம் போலிருக்கே" என்றாள் அவள்.

பிற்காலத்தில் பெரிய சோப்பாக வரும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

தாழ்ப்பாள் வைக்கும்போது கொத்தனார் உளியோடு நின்றார். "யாரு கைக்கு எட்டணும் சார்? உங்களுக்கா, அம்மாவுக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க."

"அவங்களுக்குத்தான். இந்த பாத்ரூமே முழுக்க முழுக்க அவங்களோடது" என்றேன் கம்பீரமாக. குட்டிக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் ஏறியது.

அவளாக வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. கதவுக்கு வெளியே, சுவரை ஒட்டி, சின்னதாக ஒரு மேடை. பாவம், அழுக்குத் துணிக்கூடை வைக்கப் போலிருக்கிறது என்று நினைத்து, தாராளமாகக் கட்டிக்கொள் என்றேன். பாதி கட்டியதும் என்னைக் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தேன். முட்டி சரியாக மடங்குகிறதா என்று கேட்டாள். முதுகு சுவரில் சாய்கிறதா என்றாள். கொத்தனார் என்னவோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இருமிக்கொண்டு சிமெண்டைக் குழைத்தார். ஒரு துணிக்கூடைக்கு இவ்வளவு பார்க்கிறாளே, பொறுப்பான பெண்டாட்டி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

வேலை முடிந்த அன்று சதுரடி வந்து சுற்றிப் பார்த்தான். விளக்கைப் போட்டு அணைத்தான், பலகையைத் தட்டினான், என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். என் மனைவி டீயோடு வந்து கூச்சத்தோடு கதவோரம் நின்றாள்.

"அண்ணே, உங்க தொழில்ல ஒரு சந்தேகம். ஒரு இடத்தை இவங்களோடதுன்னு சாட்சி வச்சு சொல்லிட்டா, அப்புறம் அது யாருக்கு?"

"அவங்களுக்குத்தாம்மா. அதுக்குப் பேரு கிளியர் டைட்டில். யாரும் உள்ள வர முடியாது."

"பின்னால வில்லங்கம் எதுவும் வராதே?"

"வராதும்மா" என்று டீயை உறிஞ்சினான். நானும் தலையாட்டினேன். கசாப்புக் கடையில் ஆடு தலையாட்டுகிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. ஆசையாக வாசலுக்குப் போனேன். பேப்பர் இல்லை. பேப்பர்காரரை நாலு வார்த்தை திட்டிக்கொண்டே படுக்கை அறைக்கு வந்தால், புதுக் கதவு சாத்தியிருந்தது.

"யாரு உள்ள?"

"நான்தாங்க."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"கிளியர் டைட்டில்ங்க."

குட்டி குவளையோடு ஓடி வந்தாள். கதவை இடித்தாள். தடிக் கதவு, நானே தேடிப் பிடித்தது, 'ஙே' என்று நின்றது. இன்னொரு முறை இடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் அப்படியே உட்கார, மடியில் ஏறி என் மண்டையை இடிக்க ஆரம்பித்தாள். பழைய பாத்ரூம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிற பிள்ளையை எங்கே இறக்கிவைப்பது?

சாவி எங்கே, குடை எங்கே என்று தட்டிக் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் லேசாகக் கேட்டது. அவசரமில்லாத தண்ணீர். கூடவே ஒரு முணுமுணுப்புப் பாட்டு. குட்டி பிறந்த பிறகு அவள் பாடி நான் கேட்டதேயில்லை. தூக்கிய கையைக் கீழே போட்டேன்.

ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. தலையில் துண்டு. காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு நுரை இல்லை. பேப்பரை மடிப்புக் கலையாமல் என் கையில் கொடுத்தாள். குறுக்கெழுத்தில் ஒரு கட்டம்கூட பாக்கியில்லை.

அப்புறம், மடியில் குட்டியோடு நான் உட்கார்ந்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு அக்கறையாகக் கேட்டாள்.

"மேடை உயரம் சரியா இருக்காங்க?"