பாத்திரம் இல்லாதவர்களும் வரலாம்

என் அன்பு மனைவிக்கு உன் கணவன் எழுதுவது. இங்கே நானும் வீடும் சௌக்கியம். பேத்தி பிறந்தபோது போனவள் நீ. அவள் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாளாம். மகிழ்ச்சி. என்னை நினைத்து அவசரமாகக் கிளம்பி வர வேண்டாம்.

போன சனிக்கிழமை நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, உன் போன் வருமென்று உட்கார்ந்திருந்தேனா, பாத்திரம் கரியாகிவிட்டது. தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்து கடைத்தெருவுக்குப் போனால், புத்தகக் கடைக் கண்ணாடியில் ஒரு நோட்டீஸ்: ‘பாத்திரம் ஏற்க வாருங்கள்! இன்று மாலை, மாடியில். முன் அனுபவம் தேவையில்லை. பாத்திரம் இல்லாதவர்களுக்கு நாங்களே தருவோம்.’ பழையதைக் கொடுத்தால் புதியது தருவார்கள் போலிருக்கிறது என்று, தீய்ந்ததைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு மாடியேறினேன்.

மேலே ஒரு வட்ட மேஜை. கடைக்காரப் பெண், ஒரு நர்ஸ், ஒரு லாரி டிரைவர். நடுவில் பாத்திரத்தை வைத்தேன்.

“இது எதுக்குங்க?”

“வாங்கிக்கிட்டு வேற தர்றதா போட்டிருக்கே?”

நர்ஸ் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தாள். கடைக்காரப் பெண்ணுக்கு முகம் விழுந்துவிட்டது.

“‘கதை விளையாட்டு’ன்னு போடுன்னு அப்பவே சொன்னேன்,” என்றார் டிரைவர்.

“அப்படிப் போட்டா குழந்தையைக் கொண்டுவந்து விட்டுட்டுப் போயிடறாங்க. ‘சாகச ஆட்டம்’னு போட்டதுக்குச் சூதாட்டமான்னு போலீஸ்காரர் வந்து பார்த்தார். இந்த நோட்டீசுக்கு வந்த ஒரே ஆளு இவர்தான். உட்காருங்க சார்!”

விஷயம் இதுதான்: கடைக்காரப் பெண் கதை சொல்வாள். மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, தாங்கள் என்ன செய்வோமென்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். நர்ஸ் ராணி, டிரைவர் திருடன். நான் யாராக வேண்டும் என்றார்கள். ராஜாவாகியிருக்கலாம், வாயில் வந்தது, “மீட்டர் ரீடிங் எடுக்கிறவன்.” ரிட்டயர் ஆகியும் எனக்கு வேறு வேஷம் வரவில்லை பார்.

கதையில் காடு, மழை. தூரத்தில் விளக்கெரியும் ஒரு வீடு.

“மீட்டர்காரரே, என்ன பண்றீங்க?”

“கதவைத் தட்டறேன்.”

“உள்ளே யார் இருக்காங்க?”

அரக்கன் என்று சொல்லியிருக்கலாம். உன்னைச் சொன்னேன். பகடையை உருட்டினேன். ஒன்று விழுந்தது.

“கதவு திறக்கலை சார்,” என்றாள் அவள், மெதுவாக.

விளையாட்டுத்தான், தெரியும். வேலை பார்த்த காலமெல்லாம், ஒரு வீடு திறக்காவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போனவன் நான். அன்றைக்கு அங்கிருந்து நகர முடியவில்லை.

“பூட்டை உடைச்சுத் தரட்டுமா சார்?” என்று திருடன் கேட்டார்.

“வேண்டாம்ப்பா. அவளே திறக்கட்டும்.”

“அப்ப நானும் கூட நிக்கறேன்,” என்றாள் ராணி. கடை மூடும்வரை மூன்று பேரும் அந்த மழையில் என்னோடு நின்றார்கள்.

மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசிகள். பேத்திக்கு முத்தம். உனக்கு எப்போது சௌகரியமோ அப்போது வா.

இப்படிக்கு,
உன் கணவன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். இந்த வரிகளை மகள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே நீ பேத்தியோடு பேசுவது கேட்கிறது. கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். கொஞ்சம் வந்து திறயேன்.