மூன்று றெக்கைக் குண்டு

"மாமா, அந்தக் கதவை விட்டுத் தள்ளி வாங்க. மெதுவா. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு."

வார்ப்புக்காரன் டீயை ஊதிக்கொண்டிருந்தான். ஃபேன் கம்பெனி உலையில் இரும்பு உருக்கி ஊற்றுகிறவன். வாரம் முழுக்க நெருப்புக்கு முகம் கொடுத்துவிட்டு, லீவு நாளில் எதற்கும் அசைய மாட்டான். மச்சினன் கத்தியதற்கும் அசையவில்லை.

மச்சினனுக்குத் தெருவில் 'டாக்டர்' என்று பெயர். பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறான். டாக்டர்களோடு மேலும் கீழும் போய் வந்ததில் பாதி வைத்தியம் தனக்கும் ஒட்டிவிட்டதாக நினைப்பு.

அவன் விரல் நீட்டிய இடத்தில் ஓர் இரும்புக் குண்டு கிடந்தது. பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க வைத்த முட்டு. அதன் மேல் மஞ்சள் வட்டம், வட்டத்துக்குள் மூன்று கறுப்பு றெக்கை.

"ஸ்கேன் ரூம் கதவுல இதே படம்தான் மாமா. இது கதிர்வீச்சு! கிட்டப் போனா ரத்தமெல்லாம் தண்ணியாயிரும்."

"போடா. அது மூணு றெக்கை ஃபேன். எங்க கம்பெனியோட பழைய மார்க்கு. அந்தக் காலத்துல விளையாட்டு விழாவுல குண்டு எறிய எங்க உலையிலயே வார்த்தது."

அவன் சொன்னது உண்மை. அந்தக் கம்பெனி ஒரு காலத்தில் ஃபேன், கோப்பை, குண்டு எல்லாவற்றிலும் அந்த மூன்று றெக்கையைப் பதித்துத் தள்ளியது. பிறகு உலகம் அதே படத்தை ஆபத்துக்கென்று எடுத்துக்கொண்டது. ஃபேன் பெட்டிகளை இறக்க வந்த கூலிக்காரர்கள் லாரியிலிருந்து குதித்து ஓடினார்கள். விற்ற ஃபேனெல்லாம் திரும்பி வந்தது. கம்பெனி மார்க்கை மாற்றியது, பழையதையெல்லாம் உலையில் போட்டது. விளையாட்டுச் சாமான் அறையை மட்டும் யாரும் திறந்து பார்க்கவில்லை. போன மாதம் வார்ப்புக்காரன்தான் திறந்தான்.

"அப்ப கம்பெனியில போய்க் கேட்டுட்டு வாங்க," என்றான் டாக்டர்.

அதுதான் முடியாது. குண்டை அவன் கேட்டு எடுத்து வரவில்லை. சட்டைக்குள் கட்டி, தொப்பை மாதிரி தள்ளிக்கொண்டு வந்தான். "அண்ணி நல்லாத்தான் சோறு போடுறாங்க" என்று கேட் காவலாளி வயிற்றைத் தட்டப் போனான், நல்லவேளை தட்டவில்லை. ஒரு திருகாணியை வீட்டுக்குக் கொண்டுபோன ஆளையே மானேஜர் அன்றைக்கே வேலையை விட்டுத் தூக்கியிருந்தார். திருகாணிக்கே அந்தக் கதி என்றால் குண்டுக்கு?

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அதான் எனக்கு முடி கொட்டுதா?"

"உனக்குக் கல்யாணமான நாள்லேருந்து கொட்டுது."

"இந்தச் சனியன் இன்னிக்கே வெளிய போகணும். இல்லேன்னா நான் போறேன்."

படம்தானே பிரச்சினை என்று வார்ப்புக்காரன் அரத்தை எடுத்தான். ஒரு றெக்கையைத் தேய்த்து முடிப்பதற்குள் மஞ்சள் பொடி அறை முழுக்கப் பறந்தது.

"ஐயோ!" டாக்டர் கட்டில் மேல் ஏறினான். "சும்மா கிடந்ததைப் பொடியாக்கிட்டீங்களே! இப்ப காத்துல கலந்திருச்சு. நாலு தெருவுக்குப் போகும்!"

மனைவி ஜன்னலைச் சாத்தினாள். பிறகு பொடி உள்ளேயே நிற்கிறதே என்று திறந்தாள். பிறகு ஊர் செத்துப்போகுமே என்று மறுபடி சாத்தினாள்.

"ஈயப் பெட்டிக்குள்ள வச்சா ஒண்ணும் பண்ணாது," என்று சொல்லிவிட்டு டாக்டர் ஓடினான்.

திரும்பி வரும்போது ஆஸ்பத்திரி வீல்சேர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான். அதில் போர்வை போர்த்தி ஏதோ உட்கார்ந்திருந்தது.

"மாடிப்படிக்குக் கீழ சும்மா கிடந்தது மாமா. தூக்க முடியலை, அதான் வண்டியில உட்கார வச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

போர்வைக்குள் சதுரமான கனத்த பெட்டி. அதன் மேலும் அதே மூன்று றெக்கை.

"பாத்தியா, இதுவும் எங்க கம்பெனி!" என்றான் வார்ப்புக்காரன்.

பெட்டிக்குள் கட்டைவிரல் அளவில், வளையம் வைத்த ஓர் எஃகுக் குழல் மட்டும் இருந்தது. குண்டுக்கு இடம் வேண்டுமே. டாக்டர் அதை எடுத்துத் தன் வண்டிச் சாவியில் மாட்டிக்கொண்டான். பார்க்க லட்சணமாக இருந்தது. விரலில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினான்.

குண்டு பெட்டிக்குள் போய்விட்டது. ஆனால் தெரு வாசலுக்கு வந்துவிட்டது. போர்வை போர்த்திய வீல்சேர் வீட்டுக்குள் போனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"யாருக்கு என்ன? ஒரு முனகல்கூடக் கேக்கலையே," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"தூங்குறாங்க," என்றாள் மனைவி.

"தூக்கமா, இல்லே..." பக்கத்து வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் நின்ற ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

இனி குண்டு வீட்டில் இருக்க முடியாது. எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவது என்று வார்ப்புக்காரன் முடிவு செய்தான். ஷிப்ட் மாறுகிற நேரம் கேட்டில் கூட்டம் இருக்கும், நுழைந்துவிடலாம். பெட்டிக்குப் போர்வை போர்த்தி அவன் தள்ளினான். டாக்டர் சாவியைச் சுற்றிக்கொண்டே முன்னால் வழி விலக்கினான். மனைவி அழுதுகொண்டு பின்னால் வந்தாள். நடிப்பில்லை, முடிக் கவலை.

காவலாளி கையை நீட்டி மறித்தான். "யாருண்ணே இது?"

"எங்க அத்தை."

"முகத்தைக் காணோம்?"

"குளிருக்குச் சுருட்டிக்கிட்டாங்க."

"தலை சதுரமா இருக்கே?"

"கட்டுப் போட்டிருக்கு."

"உள்ள எதுக்கு?"

வார்ப்புக்காரனுக்கு வாயில் வந்தது அதுதான். "கடைசி ஆசை. மருமகன் வேலை செய்யற உலையை ஒரு தரம் பார்க்கணுமாம்."

காவலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க அத்தை கடைசியா கேட்டது ஒரு சோடா. அதையே நான் வாங்கித் தரலை." தொப்பியைக் கழற்றினான். "ஒரு தரம் முகத்தைப் பாத்துக்கறேன்ணே" என்று போர்வையை விலக்கினான்.

அத்தைக்கு மூன்று றெக்கை இருந்தது.

சங்கு ஊதியது. உள்ளே வந்த ஷிப்டும் வெளியே போன ஷிப்டும் ஒரே கேட்டில் முட்டிக்கொண்டு ஓடின. மானேஜர் வாயில் கைக்குட்டையோடு வந்து, தூரத்தில் நின்றே போன் செய்தார். அவர் போனை மூடுவதற்குள் ஒரு வேன் வந்து நின்றது.

"இவ்வளவு சீக்கிரமாவா!" என்று அவரே அசந்துபோனார்.

"வீல்சேர் எந்தப் பக்கம் போச்சுன்னு கேட்டுட்டே வந்தோம் சார்," என்றபடி கையில் கதிர்வீச்சு அளக்கிற மெஷினோடு ஒரு பெண் இறங்கினாள்.

"சார், இது ஒண்ணும் இல்லை சார்!" வார்ப்புக்காரன் பெட்டியைத் திறந்து காட்டினான். "வெறும் குண்டு. நம்ம பழைய ஃபேன் மார்க்கு!"

மானேஜரின் கைக்குட்டை கீழே இறங்கியது. "நம்ம குண்டா? அப்ப கேட்டுக்கு வெளியே எப்படிய்யா போச்சு?"

ஃபேன் என்றால் வேலை போகும்.

"இல்லை சார், கதிர்வீச்சுதான்! பயங்கரமான கதிர்வீச்சு! வழியில கிடந்தது!"

"இப்பதானேய்யா ஃபேன்னு சொன்னே?"

"ரெண்டு றெக்கைதானே இருக்கு, பாருங்க! நம்ம ஃபேனுக்கு மூணுல்ல?"

"மூணாவதை அரத்தால தேய்ச்ச இடம் பளபளன்னு தெரியுதே."

அந்தப் பெண் மெஷினைக் குண்டின் மேல் பிடித்தாள். வார்ப்புக்காரன், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு பொருள் விஷமாக இருக்க வேண்டுமே என்று ஏங்கினான். மெஷின் வாயைத் திறக்கவில்லை.

"வெறும் இரும்பு," என்றாள் அவள். ஆனாலும் முகம் தெளியவில்லை. குண்டைத் தவிர எதுவும் இல்லாத பெட்டியை உற்றுப் பார்த்தாள்.

மானேஜருக்கு அது போதும். மார்பை நிமிர்த்தினார். "திருடன்! கார்டைக் கழட்டு. இந்தக் கேட்டை இனி நீ மிதிக்கக் கூடாது."

வார்ப்புக்காரனின் கை கழுத்துக் கயிற்றுக்குப் போனது. அந்தக் கயிற்றில்தான் வீட்டு வாடகையும் அடுப்பும் தொங்கின. மனைவியின் அழுகை நின்றுவிட்டது. முடியை அவள் மறந்தே போனாள்.

"சார், சார், எங்க மாமா ஒரு பாவமும் அறியாதவரு," டாக்டர் குறுக்கே விழுந்தான். பதற்றத்தில் சாவி விரலில் விர்ரென்று சுற்றியது. "ஒரு கதவுக்கு முட்டுக் குடுத்தது ஒரு குத்தமா சார்?"

"முதல்ல அந்தச் சாவியைச் சுத்தறதை நிறுத்து! தலை சுத்துது!" மானேஜர் வெடுக்கென்று பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இந்தக் கம்பெனியில அடுத்தவன் பொருள் ஒரு துரும்பு யார்கிட்ட இருந்தாலும் நான் விட மாட்டேன். கேட்டுக்கோங்க எல்லாரும்!"

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அப்போதுதான் மெஷின் கத்த ஆரம்பித்தது.

காவலாளி தரையில் படுத்தான். அந்தப் பெண் மட்டும் நிதானமாக மெஷினை இப்படியும் அப்படியும் திருப்பினாள். குண்டின் பக்கம் மௌனம். பெட்டியின் பக்கம் மௌனம். பிறகு மெதுவாக நடந்து, மானேஜரின் மார்புக்கு நேரே அதை நீட்டினாள். மெஷின் தொண்டை கிழியக் கத்தியது.

"பயப்படாதீங்க சார், இது மெஷினைச் சோதிக்கிற சின்னக் குழல்தான், உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது," என்றாள் அவள். "ஆனா இதைத்தான் காலையிலேருந்து தேடிட்டிருக்கோம். ஆஸ்பத்திரியிலேருந்து எப்ப சார் எடுத்தீங்க?"