நாங்கள் கேட்கிறோம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு வெகுகாலம் சும்மா இருந்தது. அந்தச் சோம்பல் 2002 ஆகஸ்டில், தண்டலத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலை ஓரமாக முடிவுக்கு வந்தது. எங்கள் பொறியியல் கல்லூரி 'புதுமுக மாணவர் ஆதரவு மற்றும் ஈடுபாட்டு மைய'த்தைத் திறந்தது.

இரண்டாமாண்டு மாணவனான நான்தான் அதன் செயலாளர். தேர்தல் எதுவும் நடக்கவில்லை. தாளாளர் வனமாமலை அவர்களின் அறை வாசலில் கிடந்த குடையை எடுத்துக் கொடுக்க உள்ளே போனேன். பதவியோடு வெளியே வந்தேன்.

"தம்பி, அங்கீகாரக் குழு வரப்போகுது," என்றார் தாளாளர். "லேப் எங்கன்னு கேட்டா மெஷின் காட்டணும். ஆதரவு எங்கன்னு கேட்டா ஒரு சோபா போதும்."

தொலைநோக்கு என்றால் இதுதான். சோபா வந்தது. மாணவர் 'ஈடுபாட்டுக்காக'க் கழகங்களும் பிறந்தன. மலையேற்றக் கழகம் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மலை கிடையாது என்பதால் தலைமைக் கட்டடத்தின் மாடிப்படியில் ஏறி இறங்கினார்கள். நட்புறவுக் கழகத்துக்கு ஆண்கள் பிரிவு, பெண்கள் பிரிவு என்று இரண்டு. நட்பு பரவிவிடாமல் இருக்க இரண்டும் வேறு வேறு கிழமைகளில் கூடின. எல்லாக் கழகங்களுக்கும் பொது விதிகள் இரண்டே: வளாகத்துக்குள் தமிழ் பேசக்கூடாது, எதிர்பாலினத்தோடு எந்த மொழியிலும் பேசக்கூடாது.

ஆலோசகராக உடற்பயிற்சி ஆசிரியர் டெனிசன் நியமிக்கப்பட்டார். மனதைப் பற்றி அவருக்கு ஒருநாள் பயிற்சி தரப்பட்டிருந்தது. மற்றபடி அவரிடம் விசில் இருந்தது.

வாசலில் தாளாளர் தாமே சிந்தித்த வாசகத்தைப் பேனராகக் கட்டினோம்: 'நாங்கள் கேட்கிறோம்!' அதற்குக் கீழே: 'இங்கு கவுன்சலிங் இலவசம்.'

இந்த இடத்தில் என் அறைத் தோழன் இசக்கியப்பனைச் சொல்லியாக வேண்டும். முதலாண்டு மாணவன். நாங்குநேரிப் பக்கத்து ஊர். தமிழ் வழியில் படித்து, கணக்கில் முழு மதிப்பெண் வாங்கி வந்தவன். வந்த நாளிலிருந்து வகுப்பில் ஒரு வார்த்தை புரியவில்லை என்று தகரப் பெட்டியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தான். முதல் கணக்குத் தேர்வு வெள்ளிக்கிழமை. அதில் தேறாவிட்டால் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் அருள்பாண்டியிடம் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தான்.

"லைன்ல சேத்துவிடுதேன்னு சொல்லியிருக்கான்டே. அங்க ஸ்க்ரூவத்தான் முறுக்கணும். ஸ்க்ரூ இங்கிலீஷ் பேசாதுல்லா?"

"கவலைப்படாதே. திங்கட்கிழமை மையம் திறக்குது. போய் மனசுவிட்டுப் பேசு," என்றேன். ஒரு நிறுவனத்தை நம்புகிறவனுக்கு உண்டாகும் கம்பீரம் என் குரலில் இருந்தது.

திங்கட்கிழமை விடிந்தபோது வாசலில் திருவிழாக் கூட்டம். வல்லக்கோட்டை, மணிமங்கலம் பக்கமிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்திருந்தார்கள். அப்பாக்கள் கையில் மதிப்பெண் பட்டியல். அம்மாக்கள் கையில் புளிசாதம். நம் நாட்டில் கவுன்சலிங் என்றால் கல்லூரி சீட்டு ஒதுக்குவது என்பதைத் தவிர வேறு பொருளை யாரும் கேள்விப்பட்டதில்லை என்பது மையத்துக்குத் தோன்றவில்லை.

"இன்னா சார், மறுபடியும் கவுன்சிலிங்காமே? நம்ம பொண்ணு சிவில்ல மாட்டிகினு கீது. கம்ப்யூட்டருக்கு மாத்திக் குடு," என்றார் மணிமங்கலத்துக்காரர் ஒருவர். பிறகு அண்ணாந்து பேனரைப் படித்து முகம் கறுத்தார். "நாங்கள் கேட்கிறோமா? வாங்குனது பத்தாதுன்னு இன்னும் இன்னா சார் கேக்குறீங்க?"

தாளாளர் மாடியிலிருந்து கூட்டத்தைப் பார்த்தார். "பாத்தீங்களா," என்று என் தோளைத் தட்டினார், "எவ்வளவு பேருக்கு மனசுல பாரம்!"

வரிசையில் உண்மையிலேயே மனசில் பாரத்தோடு நின்றவன் இசக்கியப்பன் ஒருவன்தான். அவன் முறை வந்தது. சோபாவில் அமர்த்தப்பட்டான்.

"டெல் மீ யுவர் ப்ராப்ளம்," என்றார் டெனிசன்.

"சார், எனக்கு இங்கிலீஷ்ல நடத்துறது ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு."

விசில் ஊதப்பட்டது. "நோ தமிழ்! இன் இங்கிலீஷ்!"

"அதான் சார் ப்ராப்ளமே."

"தட் ப்ராப்ளம், டெல் இன் இங்கிலீஷ்!"

இசக்கியப்பன் நெடுநேரம் யோசித்தான். "சார்... இங்கிலீஷ் நாட் கம்."

"ஃபுல் சென்டென்ஸோடு வா. நெக்ஸ்ட்!"

அலுவலகங்கள் ஆளை அலைக்கழிக்கிற, பனி பெய்யும் தூர தேசத்து நாவல்களில்கூட இத்தனை நேர்த்தியான அலுவலகத்தை நான் கண்டதில்லை. முழு வாக்கியம் தயாரிப்பதற்காக இசக்கியப்பன் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போனான். அங்கே நின்றிருந்தவள் கிளாரா, அந்த மணிமங்கலத்துக்காரரின் மகள். சிவிலில் மாட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். அவளுடைய அப்பா டீ குடிக்கப் போயிருந்தார்.

"இன்னாபா, திரும்பவும் நிக்கிற? சீட்டு கெடைக்கலையா?"

"எனக்குச் சீட்டு வேண்டாம்மா. கணக்கு வெளங்கணும். மொத நாளே சார் போர்டுல மேட்ரிக்ஸ்னு எழுதுனாரு. சரி, மெட்ரிக் ஸ்கூல் பிள்ளையளுக்குத் தனிப் பாடம்போலன்னு எந்திரிச்சு வெளிய போய்ட்டேன். அதுக்கு அப்புறம் ஒண்ணும் பிடிபடல."

கிளாரா சிரித்த சிரிப்பில் புளிசாதப் பொட்டலங்கள் திரும்பிப் பார்த்தன.

"நீ பிளஸ் டூல அணி படிச்சியா?"

"எந்த அணி? இளைஞர் அணியா?"

"ஐயே! கணக்குல, மொத பாடம்! எங்கண்ணன் தமிழ் மீடியம், அவன் புக்கு எங்க வூட்ல கீது. அணி, அணிக்கோவை, நேர்மாறு..."

"அது தலைகீழா வருமே!"

"அதான்பா மேட்ரிக்ஸ்."

இசக்கியப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "அடப்பாவியளா! நம்ம அணிக்கா இந்தப் பேரு? நம்ம வீட்டு ஆட்டுக்கு மணி கட்டி நமக்கே விக்காவளே!"

கிளாரா குச்சியெடுத்து மண்ணில் இரண்டு பக்கமும் பேர் எழுதினாள். இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் இங்கிலீஷ். வரிசையில் நின்ற மற்ற புதுமுகங்களும் குனிந்து பார்த்தார்கள். "எனக்கும் இது தெரியும்டா!" என்ற கூச்சல் கிளம்பியது. சேலத்துக்காரன் ஒருவன் துள்ளிக் குதித்தான்.

விசில் ஊதப்பட்டது.

மாலையில் அறிவிப்புப் பலகையில் ஆணை ஒட்டப்பட்டது. தட்டச்சு செய்தவன் செயலாளரான நான். 'ஆதரவு மைய வாசலில், எதிர்பாலினத்தோடு, தமிழில், கணித உரையாடலில் ஈடுபட்ட' பதினொரு பேருக்கும் வியாழன் வரை வளாகத்துக்குள் நுழையத் தடை. மாணவர் ஈடுபாடு என்று மையம் எழுத்துமூலமாகப் பதிவு செய்தது அதுதான் முதல் முறை.

மறுநாள் காலை, தேர்வுக்குக் காத்திராமல் அண்ணனை வரச் சொல்லிவிட்டு, தண்டலம் பேருந்து நிழற்குடையில் பெட்டியோடு நின்றான் இசக்கியப்பன். மற்ற பத்துப் பேரும் எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். கிளாரா அண்ணனுடைய புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தாள். அருள்பாண்டி பைக்கில் வந்து இறங்கியபோது நிழற்குடைத் தரை முழுக்கச் சாக்பீஸ் எழுத்து.

"ஏல, பெட்டியத் தூக்கு. நாளைக்கு ஷிப்ட்ல ஏறணும்."

"பொறுண்ணே. இந்த நேர்மாறு அணி முடியட்டும்."

"சூப்பர்வைசர்ட்ட என்னத்தச் சொல்ல?"

"ஸ்க்ரூவ நேர்மாறா முறுக்கச் சொல்லு. கொஞ்சம் தள்ளி உக்காருண்ணே, ரெண்டாவது வரிசைய மறைக்க."

அருள்பாண்டி தள்ளி உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அவனே, "ஏட்டி, அந்த மூணுக்கு மைனஸ் போடல," என்றான்.

அப்போது நெடுஞ்சாலையில் ஒரு கார் ஓரங்கட்டியது. தாளாளர் அங்கீகாரக் குழுவை அழைத்து வந்துகொண்டிருந்தார். அவர்களுக்குச் சாலையைக் காட்டுவதற்காக முன் சீட்டில் என்னை உட்கார வைத்திருந்தார். ஆணும் பெண்ணுமாக இத்தனை பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே கணக்குப் போடுவதைக் கண்டு குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வொண்டர்ஃபுல்! எந்தக் கல்லூரி மாணவர்கள் இவர்கள்?"

தாளாளருக்கு அந்த முகங்கள் தெரியாது. என்னைப் பார்த்தார். "நம்ம கல்லூரிதான் ஐயா," என்றேன்.

"நம்ம மையத்தின் விரிவாக்கக் கிளை!" என்று அடுத்த நொடியே கூவினார் தாளாளர். "தம்பி, டிக்கியில் இன்னொரு பேனர் இருக்கும், எடு!"

படம் பிடிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமைத் தேர்வில் இசக்கியப்பன் வகுப்பிலேயே முதலாவதாக வந்தான். அருள்பாண்டி தனியாகவே ஒரகடம் திரும்பினான். மையத்துக்கு உயர்ந்த தரச் சான்று கிடைத்தது. சோபாவுக்குப் புது உறை போட்டோம்.

அந்தப் படம் இன்றும் கல்லூரிக் கையேட்டின் அட்டையில் இருக்கிறது. 'நாங்கள் கேட்கிறோம்!' என்ற பேனரின் ஒரு முனையைப் பிடித்திருப்பவன் நான், மறுமுனையில் அருள்பாண்டி. நடுவில் சிரிப்பவர்கள், கல்லூரிக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்ட பதினொரு பேர். படத்துக்குக் கீழே தாளாளர் தம் கைப்பட எழுதிய வரி: 'எங்கள் மையம் மட்டும் இல்லாவிட்டால் இந்த மாணவர்கள் இந்த இடத்துக்கு வந்திருக்கவே மாட்டார்கள்.'

கையேடு முழுவதையும் நான்தான் பிழை திருத்தினேன். அந்த ஒரு வரியில் மட்டும் திருத்துவதற்கு எதுவுமே இல்லை.