எண்ணூரில் பார்க்க வேண்டியவை ஐந்து

வங்காள விரிகுடாவைக் கரை நைனாவைப் போலப் புகழ்ந்தவரும் கிடையாது. அதற்கு அவரைப் போலப் பயந்தவரும் கிடையாது. எண்ணூரில் எங்கள் குப்பத்தில் பிறந்து, கட்டுமரத்தில் கால் வைத்தால் மூன்றாவது அலையில் வாந்தி எடுக்கும் ஒரே மீனவர் அவர்தான். கரையைக் கட்டிக்கொண்டு கிடந்ததால் கரை நைனா. நிஜப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கும். ஆனால் புருஷன் பெயரை அந்த அம்மாள் எப்படிச் சொல்வாள்?

கடலுக்குப் போக முடியாதவர் கடலைக் காட்டிப் பிழைக்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டேஷனில் நின்று, பட்டணத்திலிருந்து வந்து இறங்குகிறவர்களின் பையைக் கேட்காமலே தூக்கிக்கொள்வார். "மலைக்கு இன்னாத்துக்கு சார் போறே? எங்கூரு காத்தை ஒரு தபா இழுத்துப் பாரு, பத்து வயசு கொறைஞ்சிடும்" என்பார். அந்தக் கணக்குப்படி எங்கள் குப்பத்தில் எல்லோரும் தூளியில் கிடந்திருக்க வேண்டும்.

அவருக்காக ஓர் அட்டையில் 'எண்ணூரில் பார்க்க வேண்டியவை' என்று எழுதிக் கொடுத்தது நான். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். அப்போது ஹைஸ்கூலில் கடைசி வருஷம். கடல், கழிமுகம், உப்பளம், வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களா என்று நான்கு எழுதினேன். ஐந்தாவது என்ன என்று கேட்டதற்கு, "நம்பர் மட்டும் போட்டு வுடு. அத்த நான் வாயால சொல்லிக்கிறேன்" என்றார். வியாபார ரகசியம் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் நைனாவின் மச்சானுடைய கட்டுமரத்தில் ஓர் ஆள் குறைந்தது. நைனாவை அனுப்பச் சொல்லி மச்சான் பஞ்சாயத்தில் போய் நின்றார். ஊர்ப் பெரியவர்கள் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்கள்: ஒரு குடும்பத்தையாவது நைனா மூன்று நாள் இங்கே தங்க வைத்துக் காட்ட வேண்டும், முடியாவிட்டால் மறுநாளே மச்சானின் கட்டுமரத்தில் ஏற வேண்டும். தீர்ப்பைக் கேட்டவுடன் நைனா தரையில் உட்கார்ந்தபடியே வாந்தி எடுத்தார்.

பத்தே நாளில் ஒரு குடும்பத்தைப் பிடித்துவிட்டார். மயிலாப்பூரில் ஒரு ஹெட் கிளார்க், அவர் மனைவி. ஹெட் கிளார்க்குக்குத் தீராத சளி; டாக்டர் கடல் காற்று வாங்கச் சொல்லியிருந்தார். பங்களாவில் மூன்று நாள் தங்குவதாக ஏற்பாடு. இருவரும் சுத்த சைவம். மீன் வாடை என்பதே இருக்காது என்று நைனா கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

பங்களாவுக்குப் பக்கத்து மணலில்தான் என் அம்மாவும் மற்றப் பெண்களும் கருவாடு காயவைப்பார்கள். விருந்தாளிகள் வருகிற அன்று விடியற்காலையில் நைனா வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். எங்கே மாற்றுவது என்று அம்மா கேட்டாள். நைனா மூக்கை உயர்த்திக் காற்றை மோந்தார். காற்று ஊர்ப் பக்கமிருந்து கடலைப் பார்த்து வீசியது. பங்களாவுக்கு நேர் எதிரே, அலையோரத்து மணல்மேட்டுக்குப் பின்னால் போடச் சொன்னார். கண்ணுக்கும் தெரியாது, வாடையும் கடலோடு போய்விடும்.

உச்சிக்கு முன்னால் காற்று திரும்பிவிடும். அந்தக் கடல் காற்றில் பாய் விரித்துத்தான் எங்கள் மரங்கள் தினமும் கரை சேரும். மரம் ஏறின எவருக்கும் இது தெரியும். ஏறாதவர் ஊரிலேயே ஒருவர்தான். நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அவளும் நைனா மரம் ஏறும் அழகைப் பார்க்க ஆசைப்பட்டாள்.

காலையில் வந்த மயிலாப்பூர் மாமி வராந்தாவில் உட்கார்ந்து, இதுவல்லவா கடற்கரை என்றார். பதினோரு மணிக்குக் காற்று திரும்பியது. நெத்திலி, வாளை, சுறா என்று ஒவ்வொன்றாக வராந்தாவுக்கு வந்து தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டன. மாமி முந்தானையால் மூக்கைப் பொத்தினார். மூக்கடைத்த ஹெட் கிளார்க்கோ நெஞ்சு நிறைய இழுத்து, காற்று அமிர்தம் என்றார்.

"உங்க அமிர்தத்தை நீங்களே வெச்சுக்கோங்கோ. மூணு மணி வண்டிக்குக் கிளம்பறோம்" என்றார் மாமி.

மச்சான் ஒரு துடுப்பைக் கொண்டுவந்து பங்களாச் சுவரில் சாத்திவிட்டுப் போனார்.

நைனா எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் செதில். அப்படியே இழுத்துக்கொண்டுபோய் மாமி முன்னால் நிறுத்தினார்.

"மாமீ, அஞ்சாவது பாக்காம போறியே. எங்க குப்பத்துல படிச்ச பொண்ணு இது. கடலு எங்க வோணா கீது. இத்தப்போல எங்க கீது? இன்னா வோணா கேளு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்து ஆட்கள் எங்கள் வாசலுக்கு வந்து, நான் படிப்பதைப் பார்த்துவிட்டுப் போனது கருவாட்டுக்காக அல்ல.

மாமி மூக்கைப் பொத்தியபடியே பதினாறாம் வாய்ப்பாடு கேட்டார். சொன்னேன். தலைகீழாகக் கேட்டார். அதையும் சொன்னேன். "நீங்க ஒண்ணு சொல்லுங்க" என்று, ஒரு குழாய் நிரப்ப இன்னொரு குழாய் காலி செய்யும் தொட்டிக் கணக்கை மாமியிடம் கொடுத்தேன். மாமி படியிறங்கி வந்து மணலில் உட்கார்ந்தார். குச்சியால் எழுத வேண்டியிருந்ததால் முந்தானை மூக்கிலிருந்து விலகியது. தூரத்தில் வண்டி ஊதியது. ஹெட் கிளார்க் பெட்டியைத் தூக்கினார்.

"இருங்கோ, தொட்டி ரொம்பலை. அஞ்சாங்கிளாஸோட நிறுத்திட்டா என்னை. இதையாவது முடிக்கிறேன்" என்றார் மாமி.

தொட்டி நிரம்பியபோது வண்டி திருவொற்றியூரைத் தாண்டியிருக்கும். மூன்று நாளும் மாமி மணலில் கணக்குப் போட்டார். நாலாம் நாள் மச்சான் வந்து துடுப்பை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு நைனாவின் மேல் ஆத்திரம். என்னைக் கேட்காமல் என்னை எப்படிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று சண்டைக்குப் போனேன்.

"கடலைக் கேட்டுக்கினா எழுதுனே?" என்றார்.

இப்போது நான் பட்டணத்தில் ஹாஸ்டலில் தங்கி வாத்தியார் வேலைக்குப் படிக்கிறேன். சென்ற லீவுக்கு ஊர் வந்தபோது, நான் இறங்குவதைக் கவனிக்காமல் பிளாட்பாரத்தில் நைனா யாரிடமோ அட்டையை நீட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாவது எங்கே என்று அந்த ஆள் கேட்டார்.

"அது பட்ணத்துல படிச்சிக்கினு கீது சார். லீவுல வா, இருக்கும்" என்று திரும்பிய நைனா என்னைப் பார்த்தார். என் பையை வாங்கிக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்தார்.

நான் அவருடன் சண்டை போடவில்லை. குப்பம் வருகிற வரைக்கும், ஜனங்கள் பார்க்க வேண்டிய பொருளுக்கு ஏற்றபடி, கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.